நாண் சத்தத்துக்கு மான் பதுங்குகிறதா? வேகமான வில், அமைதியான வில், தாழ்ந்த குறி, குறைந்த தூரம்: எதை நம்பலாம்

குறுக்குவில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பஞ்சாயத்து வராமல் இருக்காது. விசையை அழுத்தியதும் மான் சட்டென்று தாழ்ந்துவிடுகிறது, அம்பு முதுகுக்கு மேலே போய்விடுகிறது, அல்லது அதைவிட மோசமாக முதுகுத்தண்டுக்கு மேலுள்ள சதையில் பாய்ந்து மான் காயத்தோடு ஓடிவிடுகிறது. என்ன வழி என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். இன்னும் வேகமான வில் வாங்கு என்பார் ஒருவர், வேகத்தை விடு சத்தத்தைக் குறை என்பார் இன்னொருவர், குறியைக் கீழே இறக்கு என்பார் மூன்றாமவர், கிட்டே வரும்வரை பொறுத்திரு என்பார் வயதான ஒருவர். நாலிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நாலும் ஒரே எடை இல்லை. என் கணக்கில் கடைசி இரண்டும்தான் நிஜமாக வேலை செய்கிறவை, காசு கேட்காதவையும் அவைதான். முதல் இரண்டும் துணைக்குத்தான்.

முதலில் அங்கே நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் மான் அம்பைப் பார்த்துத் தலைகுனிந்து தப்பிக்கிறது என்று இன்னும் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மானுக்கு அம்பு என்றால் என்னவென்றே தெரியாது. நாண் விடுபடும் சத்தம் கேட்டதும் ஓடப் பார்க்கிறது, அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்து பாய வேண்டுமானால் முதலில் கால்களை மடக்க வேண்டும். மெதுவாக ஓடவிட்ட வீடியோ ஒன்றைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்: காது அசைகிறது, முன்னங்கால் முட்டி மடங்குகிறது, நெஞ்சு கீழே போகிறது, சில சமயம் வயிறு புல்லில் உரசுகிற அளவுக்குத் தாழ்கிறது, அதற்கப்புறம்தான் பின்னங்கால் உதைத்து உடம்பு ஒரு பக்கமாகத் திரும்புகிறது. இது யோசித்துச் செய்வது இல்லை, திடுக்கிடும் அனிச்சைச் செயல், மூளைத்தண்டு மட்டத்திலேயே முடிந்துவிடுகிற காரியம். அதனால்தான் அவ்வளவு வேகம்.

துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரைஃபிள் தோட்டா ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் சத்தம் காதில் விழும் முன்பே தோட்டா போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 1,120 அடி போகிறது. இன்றைக்குக் கிடைக்கும் குறுக்குவில்களோ பெரும்பாலும் 350 முதல் 450 அடி வரை, உச்சத்தில் இருக்கும் ரேவின் ஆர்500, டென்பாயின்ட் நைட்ரோ 505 மாதிரி வில்கள் 500ஐத் தொடுகின்றன. எந்த வில்லை எடுத்தாலும் சத்தம்தான் முதலில் போய்ச் சேரும். கேள்வி, எவ்வளவு நேரம் முன்னால் என்பதுதான்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வினாடிக்கு 350 அடி போகும் அம்பு 20 கஜம், அதாவது 60 அடி போக 0.17 வினாடி எடுக்கிறது. சத்தம் 0.05 வினாடியில் போய்விடுகிறது. மானுக்குக் கிடைக்கும் அவகாசம் 0.12 வினாடி. 30 கஜத்தில் அது 0.18 ஆகிறது, 40 கஜத்தில் 0.24. சத்தம் காதில் விழுந்து தசை வேலை செய்யத் தொடங்க 0.05 வினாடி போகிறது என்று வைத்துக்கொள்வோம், மானுக்குச் சாதகமாகவே வைப்போம். மீதி நேரத்தில் கால்களை மடக்கிய உடம்பு கிட்டத்தட்டப் புவியீர்ப்பில் விழுகிறது. அப்படிப் பார்த்தால் 20 கஜத்தில் 2 செ.மீ. சொச்சம், 30 கஜத்தில் 8 செ.மீ., 40 கஜத்தில் 17 செ.மீ., 50 கஜத்தில் 29 செ.மீ. இறங்கியிருக்கும். அம்பு போகப் போக வேகம் குறைவதை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எண்கள் இன்னும் கொஞ்சம் கூடும். தூரம் இரண்டு மடங்கு ஆகும்போது தாழ்வது ஏழெட்டு மடங்கு ஆவதைக் கவனியுங்கள். மொத்த விவாதத்துக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

சரி, வேகமான வில். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. 500 அடி வில்லுக்கு அதே கணக்கைப் போட்டால் 40 கஜத்தில் மான் மூன்று, மூன்றரை செ.மீ.தான் தாழ்கிறது, 350 வில்லில் அது 17. இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் 500 வில் வாங்கியவர் 40 கஜத்தோடு நிறுத்திக்கொள்கிறாரா என்றால், பெரும்பாலும் இல்லை. பயிற்சி அட்டையில் 80 கஜத்திலிருந்தும் அம்புகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுவதைப் பார்த்த பிறகு மானையும் 70 கஜத்தில் எய்யலாம் என்று தோன்றிவிடுகிறது. அந்த 70 கஜத்தில் கணக்கு மறுபடி 16 செ.மீ. என்று வருகிறது, பழைய வில்லில் 40 கஜத்தில் இருந்த அதே ஆபத்து. கூடுதலாகக் கொடுத்த காசு எல்லாம் தூரமாக மாறிப் போய்விட்டது, பாதுகாப்பாக மாறவில்லை. இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: 350 வில்லால் 20 கஜத்தில் மானுக்குக் கிடைக்கும் அவகாசமும் 500 வில்லால் 35 கஜத்தில் கிடைக்கும் அவகாசமும் ஒன்றே. வினாடிக்கு 150 அடி கூடுதல் வேகம் வாங்கித் தருவது 15 கஜம். அந்த 15 கஜம் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். திறந்த வயல் ஓரத்தில் உட்கார்கிறவருக்கு அது பெரிய விஷயம், 25 கஜத்துக்கு மேல் கண்ணுக்கே தெரியாத அடர்ந்த காட்டில் பரண் போட்டிருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

வேகம் சும்மாவும் வருவதில்லை. குறுக்குவில்லில் நாண் அம்பைத் தள்ளும் தூரம் காம்பவுண்டு வில்லைவிட, அதாவது கையால் இழுத்து எய்யும் கப்பி வைத்த வில்லைவிட, குறைவு. அந்தக் குறைந்த தூரத்துக்குள் வேகத்தைத் தர வேண்டுமென்றால் இழுவிசையைக் கூட்டியாக வேண்டும், 150 முதல் 200 பவுண்டு, அதற்கு மேலும். நாண் வந்து நிற்கும்போது அம்புக்குப் போகாத மிச்ச சக்தி முழுவதும் வில்லின் கைகளிலும் சட்டத்திலும் அதிர்வாகவும் சத்தமாகவும் வெளியே வருகிறது. குறுக்குவில் பொதுவாகவே காம்பவுண்டைவிடச் சத்தம் போடுவது இதனால்தான்.

இங்கேதான் இரண்டாவது கட்சி உள்ளே வருகிறது: சத்தத்தைக் குறைத்துவிட்டால் மான் திடுக்கிடவே போவதில்லையே, அப்புறம் எதற்கு வேகம்? இதில் பாதி உண்மை. 30 கஜத்தில் நிற்கும் மானுக்கு எந்தக் குறுக்குவில்லின் சத்தமும் கேட்காமல் இருக்காது, அதிர்வை உறிஞ்சும் ரப்பர் டாம்பர் நாணில் எத்தனை மாட்டினாலும் சரி. அதன் காது மனிதக் காது எட்டாத உயரமான ஒலிகளையும், ஏறக்குறைய 30 கிலோஹெர்ட்ஸ் வரை, பிடிக்கிறது, அந்தக் காதுகளை அது தனித்தனியாகத் திருப்பவும் செய்யும். ஆனால் கேட்பது வேறு, திடுக்கிடுவது வேறு. அனிச்சைச் செயல் சத்தம் எவ்வளவு பெரிது, எவ்வளவு சட்டென்று வந்தது என்பதைப் பொறுத்தது. 'டக்' என்ற கூர்மையான உலோக ஓசைக்கும் 'தொப்' என்ற மழுங்கிய ஓசைக்கும் மான் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் டாம்பர் போடுவது, தளர்ந்த திருகுகளை முறுக்குவது, அம்புக்கூடு கடகடக்கிறதென்றால் எய்யும் முன் கழற்றி வைப்பது எல்லாம் செய்யத்தான் வேண்டும். வேகத்தில் பெரிதாக எதையும் இழக்காமல் கிடைக்கிற லாபம் அது.

எடை கூடிய அம்பைப் போட்டுச் சத்தத்தைக் குறைப்பது வேறு கதை. கனமான அம்பு வில்லின் சக்தியைக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது, வில்லில் மிச்சம் குறைகிறது, சத்தமும் குறைகிறது, எலும்பில் பட்டாலும் துளைத்துப் போகும் வலு கிடைக்கிறது. விலை என்ன? 400 கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் அளவு) அம்பை 350 அடி வேகத்தில் விடும் வில்லில் 500 கிரெய்ன் அம்பைப் போட்டால் வேகம் சுமார் 313க்கு இறங்கும். 20 கஜத்தில் மான் தாழ்வது ஒன்றரை செ.மீ. கூடுகிறது, யாருக்கு வேண்டும் அந்தக் கணக்கு. 30 கஜத்தில் 4 செ.மீ. கூடுகிறது. 40 கஜத்தில் 17 ஆக இருந்தது 25 ஆகிவிடுகிறது, அது தப்புகிற மான். ஆகக் கிட்டத்தில் எய்கிறவருக்குக் கனமான அம்பு வரம், தூரத்தில் எய்கிறவருக்கு அதே அம்பு எதிரி. மூன்றாம் வழியாக 425, 450 கிரெய்ன் பக்கம் நின்றுகொள்வது என்னுடைய விருப்பம். எதிர்ப்பக்கம் போய், வேகத்துக்காக வில் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச எடைக்கும் கீழான அம்பைப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது வெறும் நாணை விட்ட மாதிரி வில்லைப் பிளந்துவிடும், பக்கத்தில் உங்கள் முகமும் இருக்கிறது.

பறக்கிற அம்பும் சத்தம் போடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலகில் துளையுள்ள சில அகலமுனைகள், அதாவது வெட்டும் அலகு வைத்த வேட்டை அம்புமுனைகள், காற்றில் சீறிக்கொண்டே போகும். பக்கவாட்டில் பாதுகாப்பான ஒரு மறைவில் ஆளை நிறுத்தி ஒருமுறை கேட்கச் சொன்னால் எந்த முனை விசிலடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி குறியைக் கீழே இறக்குவது. இதில்தான் அதிகமான தப்பு நடக்கிறது, ஏனென்றால் 'கீழே' என்றால் எவ்வளவு கீழே என்று ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறுகிறது. மான் எப்படியும் தாழும் என்று நம்பி நெஞ்சுக்கோட்டுக்கு அடியில், வெறும் காற்றில் குறி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா மானும் தாழ்வதில்லை. தாழாத மானிடம் அந்த அம்பு ஒன்று அடியில் போகும், இல்லையென்றால் நெஞ்செலும்பின் கீழ்த்தோலையோ முன்னங்காலையோ கிழிக்கும். அது சூதாட்டம். சரியான 'கீழே' என்பது உடம்புக்குள்ளேயே இருக்கிறது. வளர்ந்த வெள்ளைவால் மானின் (வட அமெரிக்காவில் வேட்டையாடப்படும் மான்) நெஞ்சுக்கூடு மேலிருந்து கீழ் ஏறக்குறைய 40 செ.மீ. இருக்கும், உயிர்நிலை என்று சொல்லும் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி 20 முதல் 25 செ.மீ. இதயம் கீழ் மூன்றில் ஒரு பங்கில், முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானில் அந்தக் கீழ் மூன்றில் ஒரு பங்கின் மேல் விளிம்பில் குறி வைத்தால், மான் அசையாவிட்டால் இதயத்தின் மேற்பகுதி அல்லது நுரையீரலின் கீழ்ப்பகுதி, 8 செ.மீ. தாழ்ந்தால் நட்ட நடு நுரையீரல், 12, 13 செ.மீ. தாழ்ந்தாலும் நுரையீரலின் மேற்பகுதி. மூன்றுமே சுத்தமான முடிவு. நடுவில் குறி வைத்தால் மான் அசையாத வரைக்கும்தான் பாதுகாப்பு, 10 செ.மீ. தாழ்ந்தாலே முதுகுத்தண்டை நெருங்கிவிடும். அதனால் எந்த மானாக இருந்தாலும், விழிப்பாக நின்றாலும் மேய்ந்துகொண்டிருந்தாலும், பக்கவாட்டுக் குறி எப்போதும் கீழ் மூன்றில் ஒரு பங்குதான். இதில் ஒரு வரம்பு இருப்பதையும் பார்த்திருப்பீர்கள்: 350 வில்லில் 40 கஜத்தின் 17 செ.மீ. தாழ்வை இந்தக் குறியால் முழுக்க ஈடுகட்ட முடியாது. கீழே குறி வைக்கிறேன் என்பது தூரத்தை நீட்டிக்கொள்ள அனுமதிச் சீட்டு இல்லை.

பரணிலிருந்து எய்கிறவர்களுக்கு ஒரு திருத்தம். 20 அடி உயரத்திலிருந்து 10 கஜத்தில் நிற்கும் மானை எய்தால் அம்பு ஏறத்தாழ 30 பாகை சரிவில் இறங்குகிறது. அங்கே நுழைவிடத்தையே கீழே இறக்கினால் மறுபக்கத்து நுரையீரல் தப்பிவிடும், ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும். எனவே அம்பு வெளியே வரும் இடத்தை மறுபக்கத்துக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, அதற்கேற்ப நுழைவிடம் எங்கே வருகிறதோ அங்கே எய்ய வேண்டும். 20 கஜத்தில் சரிவு 15, 16 பாகைதான், அங்கே பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை.

நாலாவது வழி தூரமும் மானின் மனநிலையும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், பிரித்தால் அர்த்தம் இல்லை. தலையைத் தூக்கி, காதுகளை உங்கள் பக்கம் குவித்து, முன்னங்காலால் தரையைத் தட்டுகிற மான் ஏற்கெனவே பாதி ஓடிவிட்ட மான், தசை இறுகி நிற்கிறது. தலையை ஆட்டி ஆட்டி, குனிவது போல் குனிந்து சட்டென்று நிமிர்ந்து பார்த்தால் உங்களைச் சோதிக்கிறது என்று அர்த்தம். அதே மான் ஐந்து நிமிடம் கழித்து வாலை லேசாக ஆட்டிவிட்டு மேயத் தொடங்கினால் வேறு மான். விழித்து நிற்கும் நிலையில் 20 கஜமே அதிகம், அமைதியாக மேயும் நிலையில் 30 கஜம் சரி. தலை குனிந்து மேய்கிற மான் தாழாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். குனிந்த தலையைச் சட்டென்று மேலே வீசும்போது தோள்பட்டை அதே வேகத்தில் கீழே போகும். அமைதியான மான் திடுக்கிடும் வாய்ப்புக் குறைவு என்பதுதான் அங்கே லாபம். டெக்சஸிலும் ஹவாயிலும் கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகிய புள்ளிமான்களை எய்கிறவர்கள் வெள்ளைவாலைவிட அதற்குத்தான் பயப்படுகிறார்கள், அது அவ்வளவு துடியானது. அங்கே இந்த எண்களை எல்லாம் இன்னும் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

காற்றையும் பாருங்கள். இலை சலசலக்கிற நாளில் நாண் சத்தம் அதில் கொஞ்சம் கரைந்துவிடும், அசைவில்லாத குளிர் காலையில் ஒரு சுள்ளி முறிவதும் வெடி மாதிரி கேட்கும். அப்படிப்பட்ட காலையில் என் வரம்பிலிருந்து ஐந்து கஜம் கழித்துவிடுவேன்.

நடந்து போகும் மானை வாயால் 'மே' என்று கத்தி நிறுத்தலாமா கூடாதா என்பது இதன் கிளைப் பஞ்சாயத்து. நிறுத்தினால் விழித்துக்கொள்ளும், தாழும், அதனால் நடக்கும்போதே எய் என்கிறார்கள் சிலர். கணக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. சாதாரணமாக நடக்கும் மான் வினாடிக்கு 1.3 மீட்டர் போகிறது என்றால் 30 கஜத்தில் 350 வில்லின் அம்பு போய்ச் சேர்வதற்குள் 33 செ.மீ. முன்னால் போயிருக்கும், அதாவது நுரையீரலில் வைத்த குறி ஈரலிலோ குடலிலோ விழும். தாழ்வது 8 செ.மீ., நடப்பது 33 செ.மீ., எது பெரிது? நிறுத்துவதுதான் சரி. மெல்லிய குரலில் ஒருமுறை மட்டும் கூப்பிட்டு, அதற்கு முன்பே வில்லைத் தூக்கித் தயாராக வைத்திருந்து, நின்ற வினாடியிலேயே எய்ய வேண்டும். நின்று மூன்று வினாடி கழித்து எய்தால் உங்களைத் தேடிக் கண்டுபிடித்துவிட்ட மானைத்தான் எய்கிறீர்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: கையில் 350க்கு மேல் போகும் நல்ல வில் இருந்தால் புதிது வாங்க வேண்டாம், தூரமளக்கும் கருவி ஒன்றும் டாம்பரும் வாங்கிக்கொண்டு 30 கஜத்தை எல்லையாக வையுங்கள், குறி கீழ் மூன்றில் ஒரு பங்கு. முதல் வில்லே இனிமேல்தான் என்றால் 400 பக்கம் உள்ளதில் சத்தம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள், விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், முடிந்தால் கடையில் இரண்டை எய்து காதால் கேளுங்கள். வயல் ஓரத்தில் 40 கஜம் தவிர்க்க முடியாது என்பவருக்கு மட்டும்தான் 450, 500 வில்லுக்கு நான் கை தூக்குவேன், அதையும் 40லேயே நிறுத்திக்கொள்வேன் என்று சொன்னால்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து எய்தாலும் சில மான் தாழத்தான் செய்யும், அப்போது அம்பு எங்கே பட்டது என்று கண்ணை நம்ப முடியாது. குறி வைத்த இடத்தைத்தான் மூளை ஞாபகம் வைத்திருக்கும், பட்ட இடத்தை அல்ல. ஒளிரும் அம்புவால் பொருத்தியிருந்தால் பட்ட இடம் ஓரளவு தெரியும். இல்லையென்றால் மான் போன விதத்தையும் அம்பையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். பின்னங்காலை உதைத்துத் துள்ளிக் கண்மண் தெரியாமல் ஓடினால் பெரும்பாலும் இதயமோ நுரையீரலோ, அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் அரை மணி நேரம் காத்திருந்து போகலாம். முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனால் வயிறு. கரும் சிவப்பு ரத்தம் ஈரலைக் காட்டும், அதற்கு நாலைந்து மணி நேரம். அம்பில் பச்சையாகச் செரிக்காத தீனியும் நாற்றமும் இருந்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். உடனே பின்தொடர்ந்தால் பக்கத்திலேயே படுத்துவிட்ட மானையும் நீங்களே எழுப்பி விரட்டிவிடுவீர்கள்.